ஒரே நாளில் நான்கு மைதானம், 72 குழி: ஈஸ்ட் லோதியன் கால்ஃப் கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் கிழக்கே, ஈஸ்ட் லோதியன் பகுதியில், ஃபோர்த் கழிமுகத்தின் தென்கரையை ஒட்டி, சில மைல் தூரத்துக்குள் லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல்வெளிக் கால்ஃப் மைதானங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் அங்கே சூரியன் காலை 4.26க்கு உதித்து இரவு 10.02 அளவில் மறைகிறது. நண்பர்கள் நாலு பேர் ஒரே நாளில், சுற்றுக்கு 18 குழியாக, நான்கு சுற்று ஆடுவதென்றால் இதைவிடத் தோதான இடமும் காலமும் கிடைப்பது அரிது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

எந்த மைதானங்கள், எந்த வரிசை?

கலன் ஊரிலேயே மூன்று மைதானங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நாள் அங்கே தொடங்கட்டும். கலன் 2 காலை 6 மணிக்கு, கலன் 1 பத்து மணிக்கு. பிறகு காரில் கிழக்கே கால் மணி நேரம் போய் நார்த் பெரிக் வெஸ்ட் லிங்க்ஸ், மதியம் 3 மணிக்கு. கடைசியாக அபர்லேடியில் கில்ஸ்பிண்டி, மாலை 7.30க்கு.

வரிசைக்குக் காரணம் உண்டு. கலனில் ஒரு குன்று ஏற வேண்டும். கலன் 1ல் இரண்டாம் குழியிலிருந்தே ஏற்றம்தான். ஏழாம் குழியின் டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நின்றால் கழிமுகம் முழுக்கக் கண்ணுக்குக் கீழே விரியும். அந்த ஏற்றத்தைக் கால் புதிதாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கில்ஸ்பிண்டி கிட்டத்தட்ட 5,500 கஜம், தரையும் சமம். நான்காவது சுற்றுக்கு அப்படி ஒரு மைதானம்தான் வேண்டும்.

நார்த் பெரிக் ஊரின் மறுகோடியில் இருக்கும் த க்ளென் மைதானத்தைக் கடைசிச் சுற்றுக்கு வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், பக்கத்தில் இருக்கிறதே என்று. வேண்டாம். அங்கே முதல் குழியே பாறை மேட்டுக்கு ஏற்றிவிடும். 54 குழி நடந்த காலுக்கு அது தண்டனை.

4.26க்கு வெளிச்சம் வந்துவிடுகிறதே, 5 மணிக்கே தொடங்கினால் என்ன?

கிளப் அனுமதித்தால் தொடங்கலாம். ஆனால் புல்வெட்டும் ஆட்கள் அதிகாலையில்தான் கிரீன்களை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை) வெட்டுவார்கள், குழிகளை இடம் மாற்றுவார்கள். அவர்களை முந்திக்கொண்டு போனால் பனி படிந்த கிரீனில் பந்து நின்று நின்று உருளும், அவர்கள் வேலையும் கெடும். பதிவு செய்யும்போதே “நாலு பேர், ஒரே நாளில் நான்கு சுற்று, முதல் டீ நேரம் எது கொடுக்க முடியும்?” என்று நேராகக் கேளுங்கள். நார்த் பெரிக்குக்குப் பல மாதம் முன்பே பதிய வேண்டும். அங்கே கிடைத்த நேரத்தை முளையாக அடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் அதைச் சுற்றிக் கட்டுங்கள். மற்றதையெல்லாம் பதிந்துவிட்டு நார்த் பெரிக்கைத் தேடினால் திட்டம் உடைந்துவிடும்.

நாலு பேர் ஒரு சுற்று ஆட நாலு மணி நேரமாவது ஆகிறது. நாலு நாலு பதினாறு. பயணத்தையும் இடைவேளையையும் சேர்த்தால் பகலே போதாதே?

நான்கு சுற்றையும் ஒரே முறையில் ஆடினால் போதாது. முதல் மூன்றை அவரவர் பந்தை அவரவர் அடித்து, குழிக்குக் குழி புள்ளி எண்ணும் ஸ்டேபிள்ஃபோர்டாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியை மட்டும் ஃபோர்சம்ஸ் ஆடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு பந்து, மாறி மாறி அடி. ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவர் டீ அடிக்கிறார், இரட்டைப்படையில் மற்றவர். டீ அடிக்காதவர் முன்னாலேயே போய்ப் பந்து விழும் இடத்தருகே ஓரமாக நிற்கலாம். அடியின் எண்ணிக்கை பாதி, தேடலும் பாதி. இரண்டரை மணி நேரத்தில் முடியும், சூரியன் மறையும் நேரத்துக்குக் கடைசிக் கிரீனில் இருப்பீர்கள். அதற்குப் பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் மங்கிய வெளிச்சம் இருக்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

மற்ற மூன்று சுற்றுகளில் நேரம் போவது மட்டை வீசும்போது அல்ல. ஆளுக்கு 90 அடி என்றால் நாலு பேருக்கு 360 அடி. அடிக்குப் பத்து விநாடி மிச்சம் பிடித்தால் ஒரு சுற்றில் ஒரு மணி நேரம் மிச்சம். யார் தயாரோ அவர் முதலில் அடியுங்கள். ஸ்ட்ரோக் ஆட்டத்தில் (அடிகளை எண்ணும் முறை, ஸ்டேபிள்ஃபோர்டும் அதில் அடக்கம்) விதிகளே அதை ஊக்குவிக்கின்றன, ஓர் அடியை 40 விநாடிக்குள் முடிக்கவும் பரிந்துரைக்கின்றன. கொடிக்கம்பத்தை எடுக்காமலே பட் செய்யலாம் (பந்தைக் குழிக்குள் உருட்டலாம்), 2019லிருந்து அதற்கு அபராதம் இல்லை. பையைக் கிரீனின் முன்னால் வைக்காமல் அடுத்த டீ பக்கம் கொண்டுபோய் வையுங்கள். முன்னால் வைத்தால் திரும்பி வந்து எடுக்க வேண்டும், பின்னால் வருகிறவர்களும் காத்து நிற்க வேண்டும்.

பந்து தொலைந்தால்?

தேட 3 நிமிடம்தான், 2019க்கு முன்பு 5 நிமிடம் இருந்தது. ஆளுக்கு ஒரு பந்து ஒரு சுற்றில் தொலைந்தாலே 12 நிமிடம் போயிற்று, நான்கு சுற்றில் 48 நிமிடம். சந்தேகம் வந்த உடனே, முன்னால் நடப்பதற்கு முன், “இது தற்காலிகப் பந்து” என்று சொல்லி இன்னொன்றை அடித்துவிடுங்கள். ஸ்டேபிள்ஃபோர்டில் உங்கள் ஹேண்டிகேப் அடிகளை (திறமைக்கேற்பத் தரும் சலுகையை) கழித்த பிறகும் பாரைவிட, அதாவது அந்தக் குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கையைவிட, இரண்டு அடி கூடிவிட்டால் அந்தக் குழிக்குப் புள்ளி கிடையாது. அதற்குமேல் அடித்துக்கொண்டிருக்காமல் பந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

அபர்லேடி விரிகுடா 1952லிருந்து இயற்கைக் காப்பகம், பறவைகள் தங்கும் சதுப்பு. அந்தப் பக்கம் போன பந்தை மறந்துவிடுங்கள். ஆளுக்கு 15 பந்தாவது காரில் இருக்கட்டும்.

14 மட்டையும் வேண்டுமா? டிராலியா, தோளில் தூக்குவதா?

பதினான்கு என்பது விதி தரும் உச்சம், கட்டாயமில்லை. எட்டு போதும்: நீள அடிக்கு டிரைவர் அல்லது மூன்றாம் வுட், ஒரு ஹைப்ரிட், 5, 7, 9 அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், கிரீனில் உருட்டப் பட்டர். இரட்டைப் பட்டையுள்ள சிறிய பையில் எல்லாம் சேர்ந்து ஐந்தாறு கிலோதான் வரும்.

நான்கு சுற்று என்றால் 30 கிலோமீட்டருக்கு மேல் நடை. தோளில் தூக்குவது முதல் இரண்டு சுற்றுக்கு மேல் தாங்காது. கையால் தள்ளும் மூன்று சக்கர டிராலிதான் என் பரிந்துரை. பேட்டரி டிராலி என்றால் பேட்டரி எத்தனை குழிக்கு என்று பாருங்கள்: 18, 27, 36 என்று விற்பார்கள். கலன் குன்றில் அந்தக் கணக்கு நிற்காது, மாற்றுப் பேட்டரி இல்லாமல் போகாதீர்கள். மூன்றாவது சுற்றின் நடுவில் அணைந்துபோன பேட்டரி டிராலியைத் தள்ளுவது எதையும்விட மோசம்.

காலும் கையும் கொப்புளிக்காமல் இருக்க?

கொப்புளம் வருவது ஈரத்தாலும் உராய்வாலும். காலையில் புல் பனி நனைந்திருக்கும், முதல் சுற்றிலேயே காலுறை ஈரமாகிவிடும். அதே காலுறையோடு இரண்டாம் சுற்றுக்குப் போனால் குதிகாலில் தோல் வழுக்கி எழும்பிவிடும். காலணி இரண்டு ஜோடி, இரண்டும் பழகியதாக. காலுறை நான்கு ஜோடி, சுற்றுக்கு ஒன்று. குதிகாலிலும் சுண்டுவிரலிலும் வலி வருவதற்கு முன்பே, காலையில் கிளம்பும்போதே ஜிங்க் ஆக்ஸைடு டேப் ஒட்டுங்கள். எரிச்சல் தொடங்கிய பிறகு ஒட்டினால் பாதிப் பயன்தான்.

கையுறை மூன்று. ஒன்பது குழிக்கு ஒருமுறை மாற்றி, கழற்றியதைப் பையின் வெளிப்புறம் மாட்டிக் காயவிடுங்கள். நனைந்த கையுறை வழுக்கும். வழுக்குவதால் இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்கினால் கட்டைவிரல் அடியில் தோல் உரியும்.

சாப்பாடு?

வயிறு நிறையச் சாப்பிட்டால் அடுத்த ஆறு குழி தூக்கத்தில் போகும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம்: வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்டு அவித்த சிறிய உருளைக்கிழங்கு. இரண்டாவது இடைவேளையில் ஒரு சிறிய டப்பா தயிர்சாதம் நன்றாகவே ஒத்துக்கொள்ளும், உப்பு கூடுதலாக இருக்கட்டும். ஒன்பது குழிக்கு அரை லிட்டர் தண்ணீர். கடற்காற்றில் வியர்வை தெரியாது, தாகம் எடுக்காது, மூன்றாவது சுற்றில் கெண்டைக்கால் பிடிக்கும்போதுதான் தெரியும்.

பீர் நாள் முடிந்த பிறகு, அதுவும் கார் ஓட்டாதவர்களுக்கு. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தின் 80ஐ விடக் குறைவு. கலனிலேயே அறை எடுத்தால் கில்ஸ்பிண்டியிலிருந்து சில நிமிடத்தில் படுக்கைக்குப் போகலாம்.

மூன்றாவது சுற்றில் ஆட்டம் ஏன் குலைகிறது?

கை அல்ல, கால்தான் முதலில் சோர்கிறது. சோர்ந்த கால் எடையை இடதுபக்கம் மாற்றாது. வலதுகாலிலேயே நின்று அடிப்பீர்கள், மட்டை பந்தைத் தொடுமுன்பே தரையில் மோதும், பந்து குறைவாகப் போகும். பலமாக அடித்து ஈடுகட்டப் பார்த்தால் இன்னும் கெடும். வழக்கத்தைவிட ஒரு படி கூடுதல் தூரம் போகும் மட்டையை எடுத்து முக்கால் வீச்சு வீசுங்கள்.

நார்த் பெரிக்கின் 15ஆம் குழி இதற்குச் சரியான சோதனை. உலகெங்கும் நகலெடுக்கப்பட்ட ‘ரெடான்’ வடிவக் குழி அதுதான், ஏறக்குறைய 190 கஜம். கிரீன் முன்வலதிலிருந்து பின்னிடதுக்குச் சரிகிறது, இடதுமுன்னால் ஆழமான பங்கர் (மணல் பள்ளம்). கொடியைப் பார்த்து அடித்த சோர்ந்த அடி நேரே பங்கருக்குப் போகும். வலது ஓரத்தில் இறக்கினால் சரிவே பந்தை உள்ளே கொண்டுசேர்க்கும். 18ஆம் குழியில் வலதுபக்கம் சாலை, நிறுத்திய கார்கள் வரிசையாக இருக்கும். டிரைவரை உறையிலேயே விட்டுவிட்டு இடதுபக்கம் அயர்ன் அடியுங்கள். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான கால்ஃப் காப்பீடு இல்லாமல் அந்த டீக்குப் போகாதீர்கள்.

ஹேண்டிகேப் வேறு வேறு. ஃபோர்சம்ஸில் எப்படிக் கணக்கு?

மேட்ச் ஆட்டம் (குழிக்குக் குழி யார் ஜெயித்தார் என்று எண்ணுவது) என்றால் இரு ஜோடிகளின் கூட்டுத்தொகை வித்தியாசத்தில் பாதி. ஒரு ஜோடி 10ம் 20ம், கூட்டினால் 30. மற்றது 16ம் 24ம், 40. வித்தியாசம் 10, பாதி 5. இரண்டாவது ஜோடிக்கு அட்டையில் கடினவரிசை 1 முதல் 5 வரை உள்ள குழிகளில் ஆளுக்கல்ல, ஜோடிக்கு ஒரு அடி சலுகை.

வானிலை கெட்டால்?

மழை பிரச்சினை இல்லை, குடைக்குள் ஒரு உலர்ந்த துண்டைத் தொங்கவிட்டால் பிடியைத் துடைத்துக்கொண்டே ஆடலாம். பயப்பட வேண்டியது ‘ஹார்’ என்று அங்கே சொல்லும் கடல்மூடுபனிக்கு. கிழக்குக் காற்று அடிக்கும்போது குளிர்ந்த கடலிலிருந்து வந்து 150 கஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியாமல் மூடிவிடும். முன்னால் ஆள் இருப்பது தெரியாமல் அடிக்கக்கூடாது, நிறுத்துங்கள். அரை மணியில் விலகாவிட்டால் நான்காவது சுற்றை ஒன்பது குழியாகக் குறைத்துவிடுங்கள்.

இதையே ஊட்டியில் செய்யலாமா?

72 முடியாது. நீலகிரியில் ஜூனிலும் பகல் 13 மணி நேரத்துக்குக் குறைவு, அதுவும் தென்மேற்குப் பருவமழைக் காலம். பிப்ரவரி, மார்ச்சில் ஊட்டி ஜிம்கானாவில் காலை 18, வெலிங்டன் ஜிம்கானாவில் மதியம் 18 என்று இரண்டு சுற்று அழகாக முடியும். ஊட்டி 2,200 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, பந்து வழக்கத்தைவிடத் தூரம் போகும். முதல் மூன்று குழியில் வழக்கத்தைவிட ஒரு படி குறைந்த தூரம் போகும் மட்டையை எடுத்துப் பாருங்கள்.