கறிவேப்பிலை அடியில் முளைக்கும் கன்றுகளை என்ன செய்வது?

மதுரைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எட்டு வருடக் கறிவேப்பிலை மரம். சுற்றிலும் நாலடி தூரத்துக்குக் கன்றாக முளைக்கிறது. தரையோடு வெட்டினால் அடுத்த மாதம் இரண்டு மடங்காக வருகிறது. களைக்கொல்லி அடிக்கலாமா? பக்கத்தில் ஒட்டு சப்போட்டா அடியிலும் துளிர் வந்திருக்கிறது, அதை வளர விடலாமா?"

களைக்கொல்லி மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை தனிச் செடிகள் இல்லை, உங்கள் மரத்தின் வேரிலிருந்தே கிளம்பியவை. கிளைபோசேட் போல உள்ளே ஊடுருவும் மருந்தைக் கன்றின் இலையில் அடித்தால், அது வேர் வழியாகத் தாய் மரத்துக்கும் போய்ச் சேரும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு கன்றின் அடி மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். விரல் தடிமனில் ஒரு வேர் மரத்தின் பக்கமிருந்து படுத்தபடி வரும், அதன் முதுகில் கன்று நிமிர்ந்து நிற்கும். அது வேர்க்கன்று. அப்படி இல்லாமல், கீழே நேராக ஒரு ஆணிவேர் இறங்கியிருந்தால் அது பழம் விழுந்து முளைத்த விதைக்கன்று, இழுத்தால் வந்துவிடும்.

வெட்ட வெட்ட ஏன் பெருகுகிறது என்றால், தரை மட்டத்தில் வெட்டும்போது மண்ணுக்குள் ஒரு துண்டுத் தண்டு மிஞ்சுகிறது, அதிலிருக்கும் மொட்டுகள் எல்லாம் சேர்ந்து முளைக்கின்றன. இன்னொரு காரணம் மண்வெட்டி. கறிவேப்பிலையின் பக்கவேர்கள் மேலாகவே ஓடுகின்றன, அவற்றில் காயம் பட்ட இடத்தில் புதுத் துளிர் கிளம்பும். எரு வைக்க என் மரத்தைச் சுற்றி ஒருமுறை ஆழமாகக் கொத்திவிட்டேன், கொத்திய வட்டத்திலேயே வரிசையாகக் கன்றுகள் வந்து நின்றன. அதிலிருந்து எருவை மேலாகப் பரப்பி, சருகு போட்டு மூடிவிடுவதோடு சரி. களையைக் கையால்தான் பிடுங்குகிறேன்.

அதனால் கன்று ஒரு சாண் உயரத்தில் இளசாக இருக்கும்போதே, மண்ணை விலக்கி, அடியைப் பிடித்து வேரோடு ஒட்டிய இடத்திலிருந்து பிய்த்து எடுங்கள். கத்தியை விடப் பிய்ப்பது நல்லது, அடி மொட்டுகளும் கூடவே வந்துவிடும். முற்றிப்போயிருந்தால் அந்த வேர் தெரியும்வரை தோண்டி, மேல் தோலோடு ஒட்ட அறுத்துவிட்டு மண்ணை மூடுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். உங்கள் மரத்து இலை நல்ல மணம் என்றால், வேர்க்கன்றிலும் அதே மணம்தான், விதைக்கன்றில் அந்த உறுதி கிடையாது. பென்சில் தடிமனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தாய் மரத்தின் பக்கமுள்ள வேரை மட்டும் வெட்டிவிட்டு, கன்றை ஒரு மாதம் அங்கேயே விட்டுத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். சொந்த வேர் பிடித்த பிறகு மண்கட்டியோடு எடுத்து, பாதி இலையைக் கிள்ளிவிட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரம் இதற்குத் தோதானது. கேட்கிற உறவுக்காரர்களுக்கெல்லாம் இப்படியே கொடுக்கலாம்.

சப்போட்டா கதை வேறு, அங்கே தாமதிக்கக் கூடாது. ஒட்டு சப்போட்டாவைப் பெரும்பாலும் பாலை மரக் கன்றின் மேல்தான் கட்டுகிறார்கள். ஒட்டுக் கட்டிய தழும்புக்குக் கீழே வருவது சப்போட்டா இல்லை, பாலை. இலையைப் பார்த்தாலே தெரியும்: சப்போட்டா இலை நுனி கூராக முடியும், பாலை இலை கரும்பச்சையாக, நுனி அகன்று நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதை விட்டால் வேரின் சத்தெல்லாம் அதற்கே போய், மேலே இருக்கும் சப்போட்டா மெலிந்து கடைசியில் பட்டுப்போகும். இன்றைக்கே பிய்த்து எடுங்கள். மேலே சப்போட்டா ஏற்கெனவே காய்ந்துவிட்டது என்றால் மட்டும், தண்டைச் சுரண்டிப் பார்த்து உள்ளே பச்சை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பாலைத் துளிரில் திடமான ஒன்றை வளர விடுங்கள், ஒட்டுக் கட்டத் தெரிந்த நர்சரிக்காரரை அழைத்து அதிலேயே மறுபடியும் சப்போட்டாவைக் கட்டச் சொல்லலாம்.