காரை விட்டு இறங்குங்கள், தம்பி

கேள்வி: எனக்கு வயது 41. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். 12 மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். ஆறு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. எதிலும் மனம் ஒட்டவில்லை. பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால்கூட எரிந்து விழுகிறேன். மனைவியின் வற்புறுத்தலால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒன்பது கேள்வி உள்ள தாள் ஒன்றைக் கொடுத்தார்கள், 11 புள்ளி வந்தது. டாக்டர், “இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். கவுன்சலிங் வாருங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், ஆறு வாரத்தில் மறுபடி பார்க்கலாம்” என்றார். பணம் கட்டி ஜிம்மில் சேர்ந்தேன். வேலை முடிந்து நேராகப் போவேன். இரண்டே வாரத்தில் தோளும் முட்டியும் வலித்து நின்றுவிட்டேன். எனக்கு நேரமும் கிடையாது. வாரத்தில் மூன்று நாள்தான் ஓய்வு. அன்றைக்கும் மாலையில் அம்மாவைத் தண்ணீர்மலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அவருக்குச் சுகர். அவர் முக்கால் மணி நேரம் நடப்பார், நான் காரில் ஏர்கான் போட்டுக்கொண்டு போன் பார்ப்பேன். கூடப் போனால் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் போன் செய்வதில்லை என்று புலம்பிக்கொண்டே வருவார். உண்மையைச் சொல்லுங்கள், உடற்பயிற்சியால் மனம் சரியாகுமா? இல்லை, டாக்டர்கள் தட்டிக்கழிக்கச் சொல்வதா?
– வாசகர், கெலுகோர்

பதில்: தம்பி, நேரம் கிடையாது என்று எழுதிவிட்டு, வாரம் மூன்று நாள் முக்கால் மணி நேரம் காரில் உட்கார்ந்திருப்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப் பாருங்கள், 135 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது. குறைவது கால் மணி நேரம்தான். அதுவும் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? நிழல் உண்டு, தார்ப் பாதை உண்டு, நுழைவுக் கட்டணம் கிடையாது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து நடக்கிற தோட்டத்தின் வாசலில், எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு.

ஆகவே நேரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். அம்மாவின் புலம்பலுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அவருடைய ஒரு மகன் பேசுவதில்லை. இன்னொரு மகன் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறான். அந்த அம்மா யாரிடம்தான் சொல்வார்? பெற்றவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது மகனுடைய கடமை. உடம்புக்கு முடியவில்லை, மனசுக்கு முடியவில்லை என்பதற்காக அதிலிருந்து விலக்குக் கொடுக்க நான் தயாரில்லை. பதில் சொல்லத் தேவையில்லை, அண்ணனுக்காக வக்காலத்து வாங்கவும் வேண்டாம். “ம்” போட்டால் போதும்.

இன்னொன்று கேட்கிறேன். அம்மா என்ன மாத்திரை எடுக்கிறார் என்று தெரியுமா? கிளிக்லசைடு போன்ற சில மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, சாப்பிட்டு நேரமான மாலை வேளையில் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு உட்கார வைக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி அதே அளவு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பாதையின் வளைவுக்கு அப்பால் அவர் தடுமாறினால் காரில் இருக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்? சர்க்கரையைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுப் போனால் அது குரங்குக்குத்தான்.

இப்போது உங்கள் கேள்வி. டாக்டர் தட்டிக்கழிக்கவில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைத் தாண்டிய, மனச்சோர்வு உள்ள 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி, ஒரு பிரிவுக்குச் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, ஒரு பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. 1999-இல் வெளியான முடிவு இது. மாத்திரைதான் முதலில் வேகமாக வேலை செய்தது, பயிற்சி தாமதமாகத்தான் எட்டிப் பிடித்தது. பயிற்சிப் பிரிவினர் செய்தது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வாரம் மூன்று நாள், 30 நிமிடம் வேக நடை அல்லது ஓட்டம், குழுவாக. வராவிட்டால் கேட்க ஆள் இருந்தது. உங்களுக்கும் இருக்கிறார், பின் சீட்டிலேயே வருகிறார்.

ஒரு முறை நடந்துவிட்டு வந்தாலே சில மணி நேரத்துக்குப் படபடப்பு தணியும், இரவுத் தூக்கம் கொஞ்சம் ஆழமாகும். நாள் முழுவதும் எரிச்சல் குறைவதற்கு வாரக்கணக்கில் ஆகும். மனச்சோர்வு வந்தவர்கள் சங்கடம் தரும் எதையும் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்ட அந்த நிமிடம் நிம்மதியாக இருக்கும். செய்யாமல் விட்டது பிறகு மனதை இன்னும் அமுக்கும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் ஒதுங்குவார்கள். நீங்கள் காரில் செய்வது அதுவேதான். மனம் வந்தால் இறங்கலாம் என்று காத்திருந்தால் வராது. இறங்கி நடந்த பிறகுதான் வரும். கவுன்சலிங்கிலும் உங்களை இந்த வழிக்குத்தான் கொண்டுவருவார்கள்.

ஜிம் ஏன் தோற்றது? 12 மணி நேரம் நின்றுவிட்டு, பழக்கமில்லாத உடம்போடு எடை தூக்கினால் வலிக்கத்தான் செய்யும். புதிய பயிற்சிக்குப் பிறகு தசைவலி இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், தானே அடங்கும். அந்த வலியோடு மறுபடி தூக்கியிருப்பீர்கள். (முட்டி வீங்கியிருந்தாலோ படி இறங்கும்போது குத்தினாலோ அது வேறு, டாக்டரிடம் காட்டுங்கள்.) மூச்சு வாங்க வாங்கச் செய்தால் அந்த நேரத்தில் மனதுக்குப் பிடிக்காது, பிடிக்காததை யாரும் இரண்டு வாரத்துக்கு மேல் செய்ய மாட்டார்கள்.

அடுத்த ஓய்வு நாளில் இப்படிச் செய்யுங்கள். போன் கையில் வேண்டாம். அவசரத்துக்கு 999 அழைக்க வேண்டி வரலாம், பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் 10 நிமிடம் அம்மாவோடு அம்மாவின் வேகத்தில். உடம்பு சூடாக அது போதும். பிறகு 20 நிமிடம் நீங்கள் தனியாக, வேகமாக. அம்மா அதே பாதையில் இருக்கட்டும், நீங்கள் முன்னால் போய்ப் போய்த் திரும்புங்கள். சில நிமிடத்துக்கு ஒரு முறை அவரைக் கடந்துதான் ஆக வேண்டும், முகத்தையும் பார்த்துவிடலாம். கடைசி 15 நிமிடம் மறுபடி அவரோடு. அண்ணன் கதை அப்போதுதான் வரும், வரட்டும்.

வேகத்துக்கு வாட்ச் வாங்க வேண்டாம். 15 விநாடியில் 25 காலடி வந்தால் சரியான வேகம். அம்மாவைக் கடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

மெதுநடை 150 நிமிடக் கணக்கில் சேராது, ஆகவே முதல் மாதம் உங்களுக்கு 60 நிமிடம்தான் வரும். தொடங்குவதற்கு அது போதும். ஐந்தாம் வாரத்திலிருந்து நடுப்பகுதியை 30 நிமிடமாக்குங்கள், மீதியை வேலை நாட்களில் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துப் பத்து முறை தள்ளுவது, இரண்டு சுற்று. தோளுக்கும் முட்டிக்கும் இப்போதைக்கு இவ்வளவு தாங்கும். இடி மின்னல் என்றால் மரத்தடிக்குப் போகாதீர்கள், அன்றைக்குப் பிளாட் படிக்கட்டு.

இரவு ஷிப்ட் முடிந்த காலையில் பயிற்சி வேண்டவே வேண்டாம். நேராக வீடு, அறையை இருட்டாக்கித் தூக்கம். எழுந்து, வேலைக்குக் கிளம்புமுன் நடங்கள். தூங்குவதற்கு முந்திய 6 மணி நேரத்துக்குள் கோப்பி ஓ தொடாதீர்கள். விடியற்காலை பிரேக்கில் குடிக்கிற கப்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன்.

டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிந்ததும் போய் அதே தாளைக் கேட்டு நிரப்புங்கள். 11 என்பது நடுத்தர மனச்சோர்வு. 5 புள்ளியாவது இறங்கியிருந்தால் தேறுகிறீர்கள். அசையவில்லை என்றால் இன்னும் வேகமாக நடந்து பார்க்கிறேன் என்று வீராப்புப் பேசாமல் மாத்திரை பற்றிக் கேளுங்கள். மாத்திரை எடுத்துக்கொண்டும் நடக்கலாம்.

அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்றோ உங்களையே காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்பது. நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பூஜ்யத்தைத் தவிர வேறு எதை எழுதியிருந்தாலும் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள், நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். நடு இரவில் அந்த எண்ணம் வந்தால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற உதவித் தொலைபேசி 03-7627 2929, எந்நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555-உம் இருக்கிறது. மனைவியிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.