எஸ்டரில் உடைவது எந்தப் பிணைப்பு?

எஸ்டரில் ஓர் ஆக்சிஜன் ஒரு பக்கம் கார்போனைல் (C=O) கார்பனோடும், மறுபக்கம் ஆல்கஹாலிலிருந்து வந்த கார்பனோடும் பிணைந்திருக்கிறது. நீராற்பகுப்பில், அதாவது நீரால் சிதைக்கும்போது, கார்போனைல் பக்கம் உடைகிறது என்கிறது பாடம். பீட்டா-புரோப்பியோலாக்டோன் என்ற வளைய எஸ்டர் பலபடியாகும்போது மட்டும் ஏன் மறுபக்கப் பிணைப்பு உடைகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான்.

கார நீராற்பகுப்புக்கு அருமையான சான்று உண்டு. 1934-இல் வேதியியலாளர்கள் போலானியும் சாபோவும் ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்பு) செறிந்த நீரில் அமைல் அசெட்டேட் என்ற எஸ்டரைச் சிதைத்தார்கள். கிடைத்த அமைல் ஆல்கஹாலில் அந்தக் கூடுதல் ஆக்சிஜன்-18 வரவில்லை. அதாவது, ஆல்கஹால் தன் பழைய ஆக்சிஜனோடுதான் வெளியேறியது. உடைந்தது கார்போனைல் கார்பனுக்கும் அந்த ஆக்சிஜனுக்கும் இடையில். எவ்வளவு எளிய சோதனை, எவ்வளவு தெளிவான விடை! டின் ஆக்டோயேட் என்ற வினையூக்கி வைத்து, லாக்டைடு என்ற எஸ்டர் வளையத்தைத் திறக்கும்போதும் இதே பிணைப்புதான்.

பீட்டா-புரோப்பியோலாக்டோன் நான்கணு வளையம், இறுக்கம் அதிகம். கார்பாக்சிலேட் (–COO⁻) போன்ற வலுக்குறைந்த கருக்கவரி (எலக்ட்ரான் இணையைத் தந்து தாக்கும் துகள்) கார்போனைலைத் தாக்கினாலும் எளிதில் திரும்பிவிடும். மாறாக, ஆக்சிஜனை ஒட்டிய மெத்திலீன் கார்பனைத் தாக்கினால் வளையம் திறந்து புதிய கார்பாக்சிலேட் முனை பிறக்கும்; அது அடுத்த வளையத்தைத் தாக்கும். வலுவான அல்காக்சைடு (RO⁻) என்றால் இரண்டு வழியும் நடக்கலாம்.

அதனால் கணக்கில் முதலில் தொடங்கி (பலபடியாக்கத்தைத் தொடங்கிவைக்கும் பொருள்) எது என்று பாருங்கள், அப்புறம் வளைய அளவு. வளரும் முனை அல்காக்சைடா கார்பாக்சிலேட்டா என்று எழுதிப் பார்த்தாலே உடைந்த பிணைப்பு தெரிந்துவிடும்: அல்காக்சைடு என்றால் கார்போனைல் பக்கம், கார்பாக்சிலேட் என்றால் மறுபக்கம்.