வெளிநாட்டிலிருந்து வந்த மின்சாமான்: கேள்வி பதில்

கிளிநொச்சி: விடுதிக்கு லண்டனிலையிருந்து பாவிச்ச ஹொட்பொயின்ட் உடுப்பு உலர்த்தி ஒண்டு வந்திருக்கு. அது மீளப்பெறச் சொன்ன சாமான் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

இருக்கலாம் அண்ணை. பார்த்து முடியுமட்டும் பிளக்கைக் கழற்றி வையுங்கோ. 2004 ஏப்ரல் தொடக்கம் 2015 செப்டெம்பர் வரை ஹொட்பொயின்ட், இன்டெசிட், கிரீடா, சுவான், புரோலைன் பெயர்களில் வேர்ல்பூல் நிறுவனம் செய்த சில உலர்த்திகளில், துணிப் பஞ்சு சூடாக்கும் கம்பியில் பட்டுத் தீப்பற்றும் குறை இருந்தது. முதலில் திருத்தித் தந்தார்கள். 2019 இல் பிரித்தானிய அரசு நெருக்கியபிறகுதான் திருத்தாமல் மிஞ்சியதை மீளப்பெற்றார்கள். கதவைத் திறந்து விளிம்பையும், பிறகு பின்பக்கத்தையும் பாருங்கோ. பச்சைப் புள்ளி ஒட்டியிருந்தால் திருத்தியாயிற்று. இல்லாவிட்டால் தகட்டிலுள்ள மொடல் இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் படமெடுத்து லண்டனில் உள்ளவர்களிடம் அனுப்பி, நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. வடிகட்டியிலுள்ள பஞ்சைத் துப்புரவாக்கினாலும் இந்தக் குறை தீராது.

புதுக்குடியிருப்பு: கனடாவிலை இருந்து தங்கச்சி 1500 வாட் கேத்தல் கொண்டுவந்தவ. அடப்டர் போட்டால் காணுமோ?

காணாது அக்கா, செருகவே வேண்டாம். அடப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. வோல்ட் ஏறத்தாழ இரட்டிப்பானால் சூடாக்கும் கம்பி இழுக்கும் சக்தி ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கு மேலே போகும்: 1500 வாட் கேத்தல் 5500 வாட் வரை இழுக்கப் பார்க்கும். கம்பி எரியும், அல்லது பிளக் உருகும். இறக்கு ட்ரான்ஸ்போமர் வைப்பதானால் 2000 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். அந்தக் காசுக்கு இங்கே புதுக் கேத்தல் ஒன்றே வாங்கலாம். இதற்கு மீளப்பெறல் அறிவித்தலும் வராது, ஏனென்றால் சாமானில் குறையில்லை.

மல்லாவி: சதுர முள் பிளக்கிலை போலியை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

நீளமான எர்த் முள்ளைப் பாருங்கோ. அயன்பொக்ஸ், கேத்தல் போல எர்த் தேவையான சாமானின் பிளக்கில் அது முழுக்க உலோகமாக இருக்கவேண்டும். மற்ற இரண்டு முள்ளிலும் அடிப்பாகத்தில் பிளாஸ்ரிக் உறை இருப்பது சரி. எர்த் முள்ளில் உறை இருந்தால் அந்தப் பிளக்கை எறியுங்கோ, உள்ளே எர்த் தொடுகை கிடைக்காது. உள்ளே பியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கோ. சிலர் பேனை மூடியால் எர்த் ஓட்டையைத் தள்ளி இரண்டு முள் பிளக்கைச் செருகுகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கோ. அயன்பொக்ஸின் உடம்பில் மின் கசிந்தால் அது போக வழி இல்லை, தொடுகிறவரின் கைதான் வழி.

ஒட்டுசுட்டான்: அயன்பொக்ஸ் தொட்டாலே சுர் எண்டுது. கடைக்காரர் மாத்தித் தரமாட்டன் எண்டுறார்.

முதலில் பாவிக்காதேங்கோ. ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கோ. விழவில்லை என்றால் அதுவும் பழுது. எர்த் கம்பியைச் சுற்றியுள்ள மண் ஆடி, ஆவணி வெயிலில் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், அதையும் மின்னியலாளரிடம் அளக்கச் சொல்லுங்கோ. பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் கையிலிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

மாங்குளம்: பழுதான சாமானைப் பழைய இரும்புக்குக் குடுக்கலாமோ?

தாராளமாக. ஆனால் வயரை உடம்போடு ஒட்ட வெட்டிவிட்டுக் குடுங்கோ. இல்லாவிட்டால் யாரோ துடைத்து இன்னொரு வீட்டுக்கு விற்பார்கள். பவர்பாங்க் என்றால் குப்பையோடு கொளுத்தவே கூடாது, வெடிக்கும்.