வயல் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள், அண்ணாச்சி

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பாவுக்கு உரக்கடை, கொஞ்சம் ஆற்றுப்பாசன வயல். மகள் பயாலஜி குரூப்பில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள், ஆனால் இங்கே சீட்டு கிடைக்கிற மார்க் இல்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., மொத்தம் 35 லட்சம் என்று ஏஜென்ட் எழுதிக்கொடுத்த தாளோடு தாய்மாமனும் வந்திருந்தார். வயலை வைத்துக் கடன் எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பிள்ளையோ சட்டம் படிக்கிறேன் என்கிறாள். "கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு கோர்ட்டு வாசல்ல நிக்கவா இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினேன். இப்போது எழுதுவது அந்த ரகம் இல்லை. அண்ணாச்சி, அந்தக் கடனை எடுக்காதீர்கள்.

35 லட்சத்தைப் பத்தரை சதவீத வட்டியில் பத்து வருஷத்தில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 47,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி அங்கே படிப்பு 54 மாதத்துக்குக் குறையக்கூடாது, அதற்கு மேல் 12 மாதம் அங்கேயே பயிற்சி. திரும்பி வந்ததும் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. பரீட்சை, அது பாஸானால் இங்கே இன்னொரு 12 மாதம். அதுவரை உரக்கடை வருமானம் மாதம் 47,000 தருமா? தாய்மாமன் பாதித் தவணை கட்டுவாரா? கட்டுவதானால் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். மருத்துவம் மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளையாக இருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். உங்கள் மகள் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அவள் சொன்னது வேறு. ஆச்சியின் அடகு நகையை ஏலம் விடப்போவதாக வந்த நோட்டீஸை வீட்டில் எல்லாரும் பார்த்துவிட்டு டிவி மேல் வைத்துவிட்டீர்கள். இவள்தான் முழுசாகப் படித்திருக்கிறாள். ஏலத் தேதி எங்கே, எடை போட்டபோது ஆச்சி அங்கே இருந்தாரா என்று கேட்டுப் பதில் கடிதம் எழுதியதும் இவள்தான். நீங்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், நான் அதைத்தான் குறித்துக்கொண்டேன்.

வக்கீல் என்றதும் நமக்குப் பாளையங்கோட்டைக் கோர்ட் வளாகமும் சிவில் வாய்தாவும்தான் நினைவுக்கு வரும். நீதிபதித் தேர்வு, கார்ப்பரேட் கம்பெனி வேலை பற்றியெல்லாம் வேறு யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் யாருமே பேசாத ஒரு வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். வங்கிகள் விதியை மீறும்போது அரசுத் தரப்பில் நின்று நடவடிக்கை எடுக்கும் சட்ட அதிகாரியின் வேலை அது.

அமெரிக்காவில் இது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. தேசிய வங்கிகளைக் கண்காணிக்க 1863இல் ஓ.சி.சி. வந்தது, டெபாசிட்டுக்குக் காப்பீடு தர 1933இல் எஃப்.டி.ஐ.சி. வந்தது. இரண்டிலும் வங்கிக்கு எதிராக உத்தரவு தயாரிக்கவும், அபராதம் போடவும், தப்பு செய்த அதிகாரி வங்கித் தொழிலிலேயே இருக்கக்கூடாது என்று தடுக்கவும் வக்கீல் பட்டாளம் உண்டு. இளம் வக்கீல் எழுதுவதைச் சரிபார்க்க அவர்களுக்கு மேலே மேற்பார்வை வக்கீல்கள். நம் நாட்டில் ரிசர்வ் வங்கி இதற்கென அமலாக்கத் துறையை 2017 ஏப்ரலில்தான் தொடங்கியது. கூட்டுறவு வங்கிகளும், வங்கியல்லாத நிதி நிறுவனங்களான என்.பி.எஃப்.சி.களும் 2018இல் அதன் கீழ் வந்தன. துறைக்கு உங்கள் மகளைவிட வயது குறைவு. (ரிசர்வ் பேங்க் என்றால் நோட்டு அடிக்கிற இடம்தானே என்று தாய்மாமன் கேட்டார். அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.)

அந்த அமலாக்கத் துறையில் என்ன நடக்கிறது என்று ஆச்சியின் நகையை வைத்தே சொல்கிறேன். ஒரு நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி, வாடிக்கையாளர் எதிரில் இல்லாமலே நகையை எடை போடுகிறது, கடனை அடைத்த பிறகும் நகையைத் தராமல் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகைக்கடனில் இப்படியான குறைகளை அடுக்கி ரிசர்வ் வங்கி 2024 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. 2025 ஜூனில் புது விதிகளும் வந்தன. கடன் அடைந்தபின் நகையை அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் தரவேண்டும், வங்கியின் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு கொடுக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது.

ஆய்வாளர்கள் வங்கிக்குப் போய்க் கணக்கைப் பார்த்து அறிக்கை தருவார்கள். அந்த அறிக்கையில் இருபது குறை இருக்கலாம், அத்தனையும் சட்டத்தில் நிற்கும் என்று சொல்லமுடியாது. எது விதிமீறல், எது வெறும் சோம்பேறித்தனம் என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கணக்கு, எந்தத் தேதி, எந்தப் பிரிவு என்று கோக்க வேண்டும். 1949ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 47ஏ பிரிவுதான் அபராதத்துக்கு ஆதாரம். கூட்டுறவு வங்கியானால் 56ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும், அதை விட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேயே பிடித்துக்கொள்வார். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் என்றால் அந்தச் சட்டமே பொருந்தாது. ஊரில் பாதிப்பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இது தெரிந்திருப்பதற்குத்தான் அங்கே சம்பளம்.

அப்புறம் காரணம் கேட்டு நோட்டீஸ். வங்கி எழுத்தில் பதில் தரும், நேரிலும் வந்து வாதாடும். எந்தக் குற்றச்சாட்டு நிரூபணமானது, எது விழுந்தது என்று காரணத்தோடு உத்தரவு எழுத வேண்டும். அபராதம் ஒரு கோடி வரை, அல்லது மீறலில் அடங்கிய தொகையின் இரண்டு மடங்கு, இதில் எது அதிகமோ அது. 2023 அக்டோபரில் ஐசிஐசிஐ வங்கிக்கு 12.19 கோடி ரூபாய் விதிக்கப்பட்டது. உத்தரவில் ஓட்டை இருந்தால் வங்கி ஐகோர்ட்டில் ரிட் போடும்.

மேற்பார்வை வக்கீல் வருவது இந்த இடத்தில்தான். ஜூனியர் எழுதின நோட்டீஸில் ஒரு வரி மழுப்பலாக இருந்தால் அடித்துத் திருத்துவார். 'இந்த மூன்றாவது குற்றச்சாட்டுக்கு ஆதாரம் போதாது, எடுத்துவிடுங்கள்' என்று மேலதிகாரியிடமே சொல்வார். கத்திப் பேசும் வேலை கொஞ்சமும் கிடையாது. பொறுமையாகப் படிக்கிற, சந்தேகப்படுகிற, எழுதத் தெரிந்த ஆள்தான் வேண்டும். அம்மா பயப்படுகிற கோர்ட் வாசலில் நிற்க வேண்டியதும் முதல் இரண்டு மூன்று வருஷம்தான்.

சரி, வழி என்ன? திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ மார்க் அடிப்படையில் ஐந்து வருஷ பி.ஏ., எல்.எல்.பி. சேரலாம், எந்த குரூப்பாக இருந்தாலும் தடையில்லை. வருஷக் கட்டணம் நீங்கள் தனியார் பள்ளிக்குக் கட்டியதைவிடக் குறைவு. தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலில் போய்வரலாம். முடித்ததும் பார் கவுன்சில் பதிவு. 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் கேட்கக்கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பிறகு அகில இந்திய பார் தேர்வு.

ரிசர்வ் வங்கியின் கிரேட் பி சட்ட அதிகாரி வேலைக்குச் சட்டப் பட்டத்தில் 50 சதவீதம், பதிவுக்குப் பின் இரண்டு வருஷ அனுபவம், வயது 32க்குள். 2025 அறிவிப்பில் தொடக்க அடிப்படைச் சம்பளமே 78,450 ரூபாய். அந்த இரண்டு வருஷத்தை வீணாக்கக்கூடாது. வங்கி வழக்கு நடத்துகிற சீனியரிடம் ஜூனியராகச் சேர வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கம் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதுவது, கடன் கட்டாதவர் அடமானம் வைத்த சொத்தை வங்கி எடுத்துக்கொள்ளும் சர்ஃபாசி நடவடிக்கை, மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயம் என்று கை பழக வேண்டும். பணம் குறைவுதான். ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தரவேண்டும் என்று மெட்ராஸ் ஐகோர்ட் 2024இல் சொன்னபிறகும் எல்லா சீனியரும் தருவதில்லை. அந்த இரண்டு வருஷம் வீட்டில் சோறு போட்டுப் பஸ் காசு கொடுங்கள். 35 லட்சத்துக்கு முன்னால் அது ஒரு செலவா?

பூசி மெழுகாமல் இன்னொன்றும் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி சட்ட அதிகாரி இடங்கள் வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதை ஒன்றையே நம்பி உட்காரக்கூடாது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கிரேட் ஏ சட்டப் பிரிவுக்கு அனுபவம் கட்டாயமில்லை, வயது 30க்குள். அங்கேயும் இதே மாதிரி அமலாக்க வேலைதான், களம் மட்டும் பங்குச்சந்தை. பொதுத்துறை வங்கிகளின் சட்ட அதிகாரி பணிக்கு, வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் தேர்வுக்குப் பட்டமும் பதிவும் போதும், அதற்கும் 30 வயது வரைதான். வங்கிக்குள் அனுபவம் எடுத்துவிட்டு ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பிக்கவும் விதி இடம் தருகிறது. எதில் போனாலும் மும்பை, சென்னை என்று மாற்றல் உண்டு. திருநெல்வேலியிலேயே இருப்பாள் என்று கணக்குப் போடாதீர்கள்.

பிள்ளைக்கு இரண்டு வேலை. ரிசர்வ் வங்கித் தேர்வில் ஆங்கிலத்தில் விரிவாக எழுதும் தாள் உண்டு, தமிழ் மீடியம் என்று பயப்படாமல் இன்றிலிருந்து தினம் ஒரு பக்கம் எழுதட்டும். அப்புறம் அடிப்படைக் கணக்குப் பதிவியல் கற்றுக்கொள்ளட்டும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன், அதை மறைக்கப் புதுக்கடன் கொடுத்துப் பழையதை அடைப்பது எப்படி என்று பேரேட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கிற வக்கீல்கள் குறைவு. ரிசர்வ் வங்கி இணையதளத்தில் அபராத அறிவிப்புகள் அடிக்கடி வருகின்றன, ஒவ்வொன்றும் ஒரு பக்கம்தான். பத்தைப் படிக்கட்டும். சலிப்புத் தட்டினால் என்னிடம் நேராகச் சொல்லட்டும், வேறு வழி பார்ப்போம். சட்டத்திலும் கட்டாயப்படுத்தித் தள்ள நான் வரமாட்டேன்.

வயதுக் கணக்கையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். பட்டம் முடிக்கும்போது 22 அல்லது 23, அனுபவத்தோடு 25. செபிக்கும் வங்கிகளுக்கும் ஐந்து வருஷம், ரிசர்வ் வங்கிக்கு ஏழு வருஷம் கையில் இருக்கும். அந்த வருஷங்களில் 'ஒரு தடவை எழுதியாச்சு, கிடைக்கல, மாப்பிள்ளை பார்ப்போம்' என்று உறவுக்காரர்கள் வருவார்கள். கல்யாணம் எப்போது என்பதை அவளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், அவர்களிடம் இல்லை.