பிளாக்லிஸ்டிலிருந்து பெயரை எடுக்கப் பணம் கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். செலவைக் குறைக்க மலிவான விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்று எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளைப் போட்டு மெயிலை அதற்கு மாற்றினோம். வெளிநாட்டு பையர்களுக்கு அனுப்புவது பாதி திரும்பி வருகிறது. ஜிமெயிலில் ஸ்பாமில் விழுகிறது. “உங்கள் ஐபி பிளாக்லிஸ்டில் இருக்கிறது, பணம் கட்டினால் எடுத்துத் தருகிறோம்” என்கிறது ஓர் ஏஜென்சி. கட்டலாமா சார்?

பதில்: கட்டாதீர்கள். முதலில் திரும்பி வந்த மெயிலைத் திறந்து 550 அல்லது 554 என்ற பிழை எண் உள்ள வரியைப் படியுங்கள். பிளாக்லிஸ்டை, அதாவது ஸ்பாம் வரும் ஐபி முகவரிகளின் கறுப்புப் பட்டியலைப் பார்த்து மறுத்திருந்தால், எந்தப் பட்டியல் என்று பெரும்பாலும் அந்த வரியிலேயே இருக்கும். ஒரே சொடுக்கில் எல்லாப் பட்டியல்களிலும் தேடித் தரும் தளங்கள் உண்டு. சாதாரண ஐபியைப் போட்டாலும் அதில் சில இடத்தில் சிவப்பு தெரியலாம், ஏஜென்சிகள் காட்டுவது அந்தப் படத்தைத்தான். திரும்பி வந்த மெயிலில் பெயர் வராத பட்டியலை விட்டுத்தள்ளுங்கள்.

வரும் பெயர் அநேகமாக ஸ்பாம்ஹாஸ் ஆக இருக்கும், இப்படிப் பட்டியல்கள் நடத்தும் அமைப்பு அது. அங்கே பெயரை நீக்கக் கட்டணமே கிடையாது. ஆனால் எந்தப் பிரிவில் மாட்டியிருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். பிபிஎல் என்றால், “இந்த ஐபி வரிசையிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது” என்ற கொள்கைப் பட்டியல்தான், உங்கள் மீது குற்றச்சாட்டு இல்லை. வீட்டு பிராட்பேண்டில் மெயில் சர்வர் நடத்த நினைப்பவர்கள் இதில்தான் முட்டிக்கொள்வார்கள். எக்ஸ்பிஎல் என்றால் அந்த ஐபியிலிருந்து வைரஸோ திருடுபோன பாஸ்வேர்டோ வேலை செய்கிறது. அதைச் சரிசெய்யாமல் நீக்கினால் மறுபடி ஏறும். எஸ்பிஎல் (ஸ்பாம் அனுப்புவதாக ஸ்பாம்ஹாஸே கண்டு ஏற்றியது) என்றால் நீங்கள் கேட்டுப் பயனில்லை, ஹோஸ்டிங் நிறுவனம்தான் கேட்க வேண்டும். இதில் எதற்குமே இடைத்தரகர் தேவையில்லை. விரைவாக நீக்கப் பணம் கேட்கும் பட்டியல் ஒன்றும் உண்டு, யூசிஇ புரொடெக்ட். அதன் மூன்றாம் நிலையில் ஒரு நெட்வொர்க்கையே மொத்தமாக ஏற்றிவிடுவார்கள். பக்கத்து வாடிக்கையாளர்கள் செய்த வினைக்கு நீங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?

சரி, ஜிமெயிலில் ஸ்பாமில் விழுவது வேறு கதை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கறாராகிவிட்டது. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பேரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பதிவு) அல்லது டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) வேண்டும். ஐபிக்குப் பெயரும் அந்தப் பெயருக்கு அதே ஐபியும் பொருந்த வேண்டும். நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (அந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் கட்டாயம். நீங்கள் அவ்வளவு அனுப்பமாட்டீர்கள், இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள், காசா பணமா. இன்னொன்று, பல விபிஎஸ்களில் புதிய வகை முகவரியான ஐபிவி6 தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பிடிஆர் பதிவு (ஐபிக்கு என்ன பெயர் என்று சொல்வது) இல்லாவிட்டால் ஜிமெயில் வாசலிலேயே திருப்பி அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸைப் பழைய வகையான ஐபிவி4-இல் மட்டும் பேச வைத்தால் அந்தத் தொல்லை தீரும்.

பிடிஆர் பதிவு உங்கள் டொமைன் கணக்கில் இருக்காது, ஐபியின் சொந்தக்காரரான ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இருக்கும். ஆகவே அடுத்த முறை விபிஎஸ் வாங்கும்போது ராம், டிஸ்க் எல்லாம் பார்க்குமுன் பிடிஆர் வைத்துத் தருவார்களா, மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் 25-ஆம் போர்ட் திறந்திருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அமேசான், கூகுள் கிளவுட், டிஜிட்டல்ஓஷன் போன்றவர்களே வெளியே போகும் 25-ஐ அடைத்துத்தான் தருகிறார்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். ஐபி கைக்கு வந்ததும் ஸ்பாம்ஹாஸில் தேடிப் பாருங்கள். முந்தைய குடித்தனக்காரர் கெட்ட பேர் வாங்கி வைத்திருந்தால் வேறு ஐபி கேளுங்கள். மூன்று வருஷத் தள்ளுபடி எல்லாம் அப்புறம்.

இப்போதைக்கு என் யோசனை: உள்ளே வரும் மெயிலை உங்கள் சர்வரே வாங்கட்டும், வெளியே போவதை ஏதாவது ரிலே சேவை (உங்களுக்காக மெயிலை அனுப்பித் தருவது) வழியாக 587-ஆம் போர்ட்டில் அனுப்புங்கள். அப்படி ஒரு சேவையான அமேசான் எஸ்இஎஸ்ஸில் 1000 மெயிலுக்கு 10 சென்ட்தான் அடிப்படைக் கட்டணம். ஏஜென்சிக்குக் கொடுக்க இருந்த பணத்தில் பல மாதம் ஓடும்.

கேள்வி: மெயிலை கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாற்றினோம். வெளியிலிருந்து வருவதெல்லாம் வருகிறது, எங்கள் வெப்சைட் விசாரணைப் படிவத்திலிருந்து வரும் மெயில் மட்டும் வருவதில்லை. ஹோஸ்டிங்காரர் கூகுளைக் கைகாட்டுகிறார், “பெரிய பிளான் வாங்குங்கள்” என்றும் சொல்கிறார்.

பதில்: பெரிய பிளான் வேண்டாம். உங்கள் டொமைனின் மெயில் தன்னிடம்தான் இருக்கிறது என்று வெப்சைட் சர்வர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் பார்க்காமலே, பழைய மெயில்பெட்டியில் போட்டு வைக்கும். ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் ‘இமெயில் ரவுட்டிங்’ என்ற இடத்தில் லோக்கல் என்றிருப்பதை ரிமோட் என்று மாற்றினால் முடிந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் நேரடியாக ஓடினால் ‘மைடெஸ்டினேஷன்’ வரியிலிருந்து டொமைனை எடுங்கள். பழைய பெட்டியைத் திறந்து பார்க்க மறக்காதீர்கள், இத்தனை நாள் விசாரணைகளும் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: ஸ்பாமைத் தடுக்க ஸ்பாம்ஹாஸின் ஜென் பட்டியலை (அவர்களின் ஐபி பட்டியல்கள் எல்லாம் சேர்ந்தது) போஸ்ட்ஃபிக்ஸில் சேர்த்தேன். உடனே வாடிக்கையாளர் மெயில் உட்பட எல்லாமே மறுக்கப்படுகிறது. ஃபில்டர் கருவி ஒன்று விற்க வந்திருக்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: சர்வர் முகவரி தேடக் கேட்கும் டிஎன்எஸ், கூகுளின் 8.8.8.8 என்று இருக்கிறதா பாருங்கள். இப்படிப் பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹாஸ் பதில் சொல்லாது. அதற்குப் பதிலாக 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டை அனுப்பும். என்ன குறியீடு வந்தாலும் மறு என்று போஸ்ட்ஃபிக்ஸில் எழுதியிருந்தால், அது பிழையையும் ஸ்பாம் என்றே எடுத்துக்கொள்ளும். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டு அதையே டிஎன்எஸ்ஸாக வையுங்கள். ‘பட்டியலில் இருக்கிறது’ என்று சொல்லும் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான குறியீடு வந்தால் மட்டும் மறுக்கச் சொல்லுங்கள். ஹோஸ்டிங் நெட்வொர்க்கிலிருந்து கேட்பதால் ஸ்பாம்ஹாஸ் அப்போதும் பதில் தராவிட்டால், அவர்களே சிறு பயனாளர்களுக்கு இலவசச் சாவி தருகிறார்கள். கருவியை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: “பேக்கப் எம்எக்ஸ்” என்று வருடச் சந்தாவில் விற்கிறார்களே?

பதில்: அது உங்கள் சர்வர் படுத்தால் மெயிலை வாங்கி வைக்கும் மாற்று சர்வர். ஒரே சர்வர் வைத்திருப்பவருக்கு வேண்டாம். உங்கள் சர்வர் படுத்துவிட்டால் அனுப்பும் சர்வரே வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும், போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வைத்திருக்கும். ஸ்பாம் அனுப்புகிறவர்களோ வேண்டுமென்றே பேக்கப்பைத் தேடிப்போவார்கள், அங்கே காவல் குறைவு என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: 25-ஆம் போர்ட் திறப்போம் என்று சொல்லிவிட்டுத் திறக்காத ஹோஸ்டிங் நிறுவனம் பணத்தையும் திருப்பித் தரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: பில் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவைக்கு நீங்கள் ‘நுகர்வோர்’ ஆகமாட்டீர்கள். கம்பெனி பேரில் எடுத்திருந்தால் வழக்கு நிற்பது கடினம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே எடுத்தீர்கள் என்றால் வாதாடிப் பார்க்கலாம், ஆனால் சட்டத்தின் விலக்கு வாசகம் பொருள்களைத்தான் சொல்கிறது, சேவைகளைச் சொல்லவில்லை. அப்படியானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள், போர்ட் திறப்பதாகச் சொன்ன சாட்டின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு.