மொட்டை மாடிப் பசுமைக் கூரைக்கு எந்தச் செடி?

மதுரை வாசகர் ஒருவரின் கேள்வி: 12 ஆண்டு பழைய கான்கிரீட் வீட்டின் மாடியில் மண் பரப்பிச் செடி வளர்க்க வேண்டும், தினமும் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, ஒப்பந்ததாரர் கொரியன் புல் அல்லது செடம் பாய் (சதைப்பற்றுள்ள சிறு செடிகளை நெருக்கமாக வளர்த்த விரிப்பு) போடச் சொல்கிறார், பூர்வீக வீட்டிலும் இதையே செய்யலாமா?

இரண்டும் வேண்டாம். கொரியன் புல்லுக்குச் சித்திரை வெயிலில் தண்ணீர் தவறினால் விளிம்பு கருகத் தொடங்கும். செடம் குளிர்நாட்டுக் கூரைகளில் அழகாக இருக்கும். நம் வெக்கையும் ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் அழுகும். ஒப்பந்ததாரர் காட்டும் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் கூரைகள். இங்கே இரண்டு கோடையைக் கண்ட ஒரு மாடியைக் காட்டச் சொல்லுங்கள்.

கற்பூரவல்லி, மருள், ரியோ (இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கும் செடி), பட்டுரோஜா ஆகிய நான்கும் உங்களுக்குப் போதும். கற்பூரவல்லியில் ஒரு சாண் கிளையை ஒடித்து, ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, ஆவணியில் ஊன்றினால் மழைக்குள் வேர் பிடித்துவிடும். வேர் பிடித்த பின் கோடையில் வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் விட்டால் தாங்கும்.

செடியைவிட மண்ணின் எடைதான் என் கவலை. 4 அங்குலச் செம்மண் நனைந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ வரும். நடமாட்டமுள்ள மாடிக்கு கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 கணக்கில் கொள்ளும் சுமையோ சுமார் 150 கிலோதான். ஆகவே தென்னை நார்க்கழிவு கலந்த இலகுவான கலவையைப் பயன்படுத்துங்கள். அதற்கும் முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். வீடு கட்டும்போது ஒவ்வொரு அடியையும் அளந்து பார்க்கிற அலுவலகங்கள், பின்னாளில் மாடியில் எத்தனை டன் ஏறுகிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. நீர்க்கசிவுப் பூச்சுக்கு வெள்ளைத்தாளில் எழுதித்தரும் '10 ஆண்டு உத்தரவாத'த்தையும் நம்பாதீர்கள். மண் போடுமுன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழறைக் கூரையைத் தடவிப் பாருங்கள்.

பூர்வீக வீட்டில் அண்ணாந்து பார்த்தால் மரச்சட்டங்கள் தெரிகின்றனவா? அப்படியானால் அது தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட மெட்ராஸ் டெரஸ். அதன்மேல் ஒரு கூடை மண்கூடக் கூடாது. காரை வழியே இறங்கும் ஈரம், சுவருக்குள் செருகிய சட்ட முனையை வெளியே தெரியாமல் உளுத்துப்போகச் செய்யும். மேலே எந்தப் பூச்சு பூசினாலும் என் பதில் மாறாது.

பராமரிப்பே இல்லாத கூரை கிடையாது. மாதம் ஒருமுறை மேலே ஏறி, காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றுகளை இரண்டு இலை விடும்போதே வேரோடு பிடுங்குங்கள். கைப்பிடிச் சுவரின் விரிசலுக்குள் வேர் புகுந்துவிட்டால் சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.